பக்கத்து அறைக்குக் கேட்காத கிடார்

பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் அது நினைவில் இல்லை. மாடிப்படியில் பந்து தட்டும் பிள்ளைகள், கதவை அறைந்து சாத்துகிறவர்கள், தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு வருகிறவர் என்று எல்லாரையும் உதட்டில் விரல் வைத்து "உஸ்" என்று அடக்கி அடக்கி, கடைசியில் அவள் உஸ்ஸக்கா ஆகிவிட்டாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிட்டால் போதும்.

அவள் வீட்டுக்காரர் இரவு பஸ் ஓட்டுகிறவர். விடியும்போது வந்து படுத்தால் பிற்பகல்வரை தூக்கம். வீடு ஒன்றரை அறை. உள்ளறையில் கட்டில், வெளியறையில் அடுப்பு, மேசை, மற்ற எல்லாமும். நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். அவர் படுத்த நேரம்தொட்டு அவளுக்குக் காவல் உத்தியோகம் தொடங்கிவிடும். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருந்தாள். வாசல் மணியின் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டாள். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றியிருந்தாள். கழுவிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துண்டின்மேல் படுக்க வைப்பாள், பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல. சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போனால்தான் காலை அழுத்தி வைத்து நடப்பாள்.

போன மாதம் ஓர் இரவு அவர் ஓட்டிய பஸ் சாலையின் நடுச்சுவரில் உரசிவிட்டது. அவருக்குக் கண் ஒரு நொடி சொருகிவிட்டதாம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்டவர் குறுக்கே கை வைத்துத் தடுத்தார் என்றுதான் அவள் நம்புகிறாள். ஆனால் ஆபீசில் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தடவை இப்படி என்றால் ஸ்டியரிங்கைத் தொடவே முடியாது. வேலை போவதுகூட அவளுக்கு இரண்டாவது பயம்தான். அந்தச் சுவர்தான் முதல் பயம். ஏனென்றால் அன்றைக்குப் பகலில் அவள் கையிலிருந்து ஒரு பாத்திர மூடி நழுவி விழுந்திருந்தது. உள்ளே அவர் புரண்டு படுத்த சத்தம் கேட்டது. அந்த மூடியும் அந்தச் சுவரும் அவள் மனதில் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டுவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. காவலை மட்டும் இரண்டு மடங்காக்கிக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கிடார் விவகாரம் வந்தது. ஜெபக்கூடத்துப் பாடகர் குழுவில் பல வருடமாக அவள்தான் கிடார் வாசிக்கிறாள். பழைய கூடத்தில் ஒரு மரக் கிடார் கிடந்தது. சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில் அங்கேயே பழகிவிட்டுப் போவாள். இப்போது கூடம் பெரிய இடத்துக்கு மாறிவிட்டது. பெரிய ஸ்பீக்கர்கள் வைத்திருக்கிறார்கள். பழைய கிடாருக்கு முன்னால் மைக்கை வைத்தால் அது ஊளையிடுகிறது. புதுக் கூடத்தை வார நாட்களில் திறப்பதும் இல்லை. குழுவை நடத்துகிற மருந்துக்கடை அண்ணன் அவளிடம், சிக்கனமாக ஓர் எலக்ட்ரிக் கிடார் பார்த்து வாங்கிக்கொள், இனிமேல் வீட்டிலேயே பழகிக்கொள் என்றார். வீட்டிலேயே என்ற சொல்லைக் கேட்டதும் அவள் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வெளியே ஒரு சத்தமும் வராதே என்று அவர் வழி சொன்னார்.

"காதை அடைச்சுக்கிட்டா வாசல்ல யார் வராங்கன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றாள். அவர் மாத்திரை எண்ணப் போய்விட்டார்.

கிடாரே வேண்டாம் என்று விட்டுவிடலாம்தான். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தாள். விரல்கள் சும்மா இருக்கவில்லை. விரிப்பு மடிக்கும்போதும் துணியின் ஓரத்தில் கம்பி தேடின. மூன்றாம் நாள், வீட்டுக்காரர் படுத்துத் தூங்கியதும், கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனாரை மாடிப்படித் திருப்பத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள். நாத்தனார் முனகிக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

"என் தம்பி தூங்கறதுக்கு நான் காவலா? பள்ளிக்கூடத்துக்கு அவனை எழுப்ப நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியாதும்மா."

"மெதுவா பேசுங்க அண்ணி."

"சரி சரி. நீ போ. நான் வாயைத் தைச்சுக்கறேன்."

கடை ஒரு மாடியில் இருந்தது. குறுகலான இடம். சுவர் முழுக்கக் கிடார்கள் தொங்கின. கடைக்காரர் அவள் வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். என்ன மாதிரிப் பாட்டு வாசிப்பீர்கள் என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"பாட்டு இருக்கட்டும்ணே. ஒயர் மாட்டாம வாசிச்சா எனக்குக் கேக்கணும். பக்கத்து ரூம்ல தூங்கறவருக்குக் கேக்கக் கூடாது."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு அவளை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எல்லாரும் சத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்றார். ஆனால் கேலி செய்யவில்லை. முதலில் முழுக்கட்டையால் செய்த கிடார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒயர் இல்லாமல் அது கொசுபோல் முனகியது. வாசிக்கிற அவளுக்கே தப்பு எது, சரி எது என்று தெரியவில்லை. அடுத்து முழுக்கக் கூடாக இருந்த ஒன்று. ஒரு தட்டுத் தட்டியதும் கிணற்றுக்குள் கூப்பிட்டதுபோல் முழங்கியது. அவள் பதறிப்போய்க் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினாள்.

"அப்ப உங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுதான் சரிப்படும்," என்றார். அதற்கு செமி ஹாலோ என்று பெயராம். முகத்தில் இரண்டு பக்கமும் வளைவாக வெட்டிய துளைகள். உள்ளே நடுவில் ஒரு கட்டை நீளமாக ஓடுகிறது, அதன் இரு பக்கமும் வெற்றிடம். மூச்சு விட மட்டும் இடம் விட்டு வைத்ததுபோல் என்று அவர் விளக்கினார். அந்தக் கட்டை இருப்பதால் கூடத்து ஸ்பீக்கர் பக்கத்திலும் அவ்வளவு சுலபத்தில் ஊளையிடாது, ஸ்பீக்கருக்கு நேராக முகம் காட்டி மட்டும் நிற்காதீர்கள் என்றார்.

அந்த வகையில் அவர் முதலில் காட்டிய சிவப்புக் கிடாரின் விலையைக் கேட்டபின் அதைத் தொட்டுப் பார்க்கவும் அவளுக்குக் கை நீளவில்லை. கைக்கு அடங்கும் விலையில் இரண்டு இருந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று கரும்பச்சை. விரிப்பின் ஓரத்தில் ஊசி கீசி மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற வழக்கத்தில், இரண்டின் கழுத்தோரத்தையும் விரலால் தடவினாள். பச்சையில் ஓர் இடத்தில், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி ஒன்றின் முனை குத்தியது. அதை அரம் வைத்து ராவித் தருகிறேன் என்று அவர் அப்போதே ராவியும் கொடுத்தார். முறுக்காணிகளைத் திருகிவிட்டுக் கொஞ்ச நேரம் பலமாக வாசித்துப் பார்த்தாள். சுதி நின்றது. பழுப்பிலும் நின்றது. வாசிக்கிற அவள் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. துளைகள் முன்பக்கம் பார்த்து இருக்கின்றன. வாசிக்கிறவளுக்குக் கேட்பது ஒன்று, எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வேறு. அதிலும் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். நிற்கிற காது வேறு, தலையணையில் கிடக்கிற காது வேறு. கடையின் பின்பக்கம் பலகைத் தடுப்புக்கு அப்பால் சரக்கு அறை இருந்தது. அங்கே மடித்த அட்டைப்பெட்டிகளை விரித்து, கைப்பையைத் தலைக்கு வைத்து, வெட்கத்தைப் பார்க்காமல் படுத்தேவிட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, ஃபேனையும் போடச் சொன்னாள். வீட்டில் ஃபேன் ஓடுமே.

"கேக்குதாம்மா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கேக்குதுண்ணே. பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

"சரி, இப்ப அடுத்தது."

வீட்டுக்காரர் மாதிரியே இருக்க வேண்டும் என்று கண்ணை மூடினாள்.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவள் கண் திறந்தபோது, எதிர்ச்சுவரில் இருந்த வெயில் அவள் காலுக்கு வந்திருந்தது. கடைக்காரர் தடுப்போரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நாலஞ்சு தரம் கேட்டேன். பதிலே வரல. எட்டிப் பாத்தா அசந்து தூங்கறீங்க. எழுப்ப மனசு வரல. நடுவுல ஆளுங்க வந்தாங்க, அவங்களையும் மெதுவா பேசச் சொல்லி அனுப்பிச்சேன்."

வீட்டுக்காரரை எழுப்புகிற நேரம். நாத்தனார் இந்நேரம் சாப்பிடப் போயிருப்பாள். யார் வந்தார்களோ, யார் கதவைத் தட்டினார்களோ. எழுந்த வேகத்தில் அட்டைப்பெட்டிகள் சரிந்தன.

"அண்ணே, எதை வாசிக்கறப்ப நான் தூங்கிட்டேன்?"

"பச்சை."

கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டு, பச்சையைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. ஓட்டுகிறவரின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் தூங்கினாரா, இவர் வீட்டில் யார் காவல் என்றெல்லாம் மனம் ஓடியது. ஆண்டவரே, வீட்டில் அவரைத் தூங்க வையும், நான் தூங்கினதை மன்னியும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

குடியிருப்பு வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. சுவரைத் துளைக்கிற மெஷின். மேலே, அவர்கள் மாடியில்தான். பக்கத்து வீட்டில். இரண்டிரண்டு படியாக ஏறினாள். படித் திருப்பத்தில் முக்காலி காலியாகக் கிடந்தது.

வீட்டுக்கதவு அகலமாகத் திறந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகம் உப்பியிருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீ போன கையோட ஓட்டை போட ஆரம்பிச்சாங்க. நிறுத்துங்கடான்னு நான் கத்தினது மெஷினைவிட சத்தம். இவன் அசையணுமே. ஏதாவது ஆயிடுச்சோன்னு மூக்குல விரலை வெச்சுப் பாத்தேன். கடைசியில தோளைப் பிடிச்சு உலுக்கித்தான் எழுப்பினேன்."

நாத்தனார் இறங்கிப் போனாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னா வருத்தப்படக் கூடாது," என்றார்.

"சொல்லுங்க."

"நீ வீட்ல இருந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

அவள் கிடார்ப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தம் இல்லம்மா. சத்தம் வந்துடுமோன்னு நீ வெறுங்கால்ல ஓடறே பாரு, அது. ஓடிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு, நான் மூச்சு விடறதைக் கேக்கறே. எனக்குத் தெரியும். நீ பயப்படக் கூடாதேன்னு தூங்கற மாதிரி மூச்சு விட்டுக்கிட்டுக் கிடப்பேன். நீ போனதும் அடுத்து எப்ப ஓடி வருவியோன்னு காத்துக்கிட்டிருப்பேன்."

"எப்பலேருந்து?"

"அந்தச் சுவர்ல இடிச்சதுக்கு அப்புறம்தான்."

"அன்னைக்குப் பகல்ல நான் பாத்திர மூடியைக் கீழ போட்டுட்டேன். அதனாலதான உங்களுக்கு..."

"எந்த மூடி?" என்றார் அவர்.

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அன்றைக்கு ஆள் வராததால் இன்னொருவருடைய முறையையும் சேர்த்து ஓட்டியதாகவும், அவள் பயப்படுவாள் என்று மறைத்ததாகவும் மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அந்த நிமிடம் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஒரு மாதமாக இந்த மனிதர் தூங்காமலே பஸ்ஸை எடுத்துப் போயிருக்கிறார். தூங்கவிடாமல் செய்தது அவளுடைய கால்கள்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

அவர் பையைப் பார்த்தார். "அதுல சத்தமே வராதா?"

"வரும். கொஞ்சமா."

"அப்ப அதை வாசி. அது கேட்டுக்கிட்டிருந்தா நீ உக்காந்திருக்கேன்னு அர்த்தம். அது நின்னாத்தான் எனக்குக் கண் முழிச்சுக்கும்."

மறுநாள் விடிந்ததும் அவர் வந்து படுத்தார். அவள் வெளியறையில் நாற்காலியைப் போட்டுப் பச்சைக் கிடாரை மடியில் வைத்தாள். முதல் தட்டிலேயே திடுக்கிட்டுவிட்டாள். கடையில் கீழே தெரு இருந்தது, வண்டிகள் இருந்தன. இங்கே மூடி வைத்த வீட்டில் அதே கிடார் எவ்வளவு பேசுகிறது. கடைக்காரருடைய ஃபேனுக்கு அடங்கியது இவர்கள் வீட்டு ஃபேனுக்கு அடங்கவில்லை. கம்பிகளை அமுக்கக் கை எழுந்தது. அமுக்கினால் நின்றுவிடும், நின்றால் அவர் விழித்துக்கொள்வார். எழுந்த கை மறுபடி கம்பிக்கே போயிற்று.

புதுக் கூடத்துக்கான துதிப்பாட்டை வாசித்தாள். பாதியில் பக்கத்து வீட்டு மெஷின் தொடங்கியது. குதிகால் தரையிலிருந்து தானாக எழும்பியது. தொடையில் கிடாரை அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டிவிட்டு, "உஸ்ஸக்கா," என்று உரக்கக் கூப்பிட்டார்கள். அவள் உடம்பு பாதி எழுந்துவிட்டது. விரல் தவறிப்போய் ஒரு பிசகான சுரம் வந்தது. உட்கார்ந்தாள். பிசகிய இடத்திலிருந்தே தொடர்ந்தாள். தட்டியவர்கள் போய்விட்டார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் அவர் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் மூச்சு விடுகிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் வாசிப்பதை நிறுத்த வேண்டும். அவர் மூச்சு அவளுக்குக் கேட்கவில்லை. கிடார் அதை மறைத்துக்கொண்டிருந்தது. இன்றிரவு ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிற அந்தக் கைகளை ஆண்டவரிடம் விட்டுவிட்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.