சுங்குடிக் கடையில் பேசிய இந்தி

போர்ட் பிளேயர் கடைகளில், கடைக்காரருக்குப் புரியக்கூடாததை நானும் என் வீட்டுக்காரரும் தமிழில் பேசிக்கொள்வோம். லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனபோது அதையே இந்தியில் செய்தோம்.

வயிறுமுட்டக் கறிதோசை சாப்பிட்டுவிட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, சலிக்காமல் சேலைகளை விரித்துப் போட்டார்.

"ஆளைப் பார், திருட்டு முழி," என்றேன் இந்தியில்.

"வெயில் தாழுறவரைக்கும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருப்போம். அப்புறம் பிடிக்கலைன்னு எழுந்து போயிடலாம்," என்றார் வீட்டுக்காரர், அதே இந்தியில்.

சிரிப்பை அடக்க நான் பெரும்பாடு பட்டேன். கடைக்காரர் அடுத்த சேலையைப் பிரித்தார்.

அப்போது ஒரு வடநாட்டுக் குடும்பம் உள்ளே வந்தது. கடைக்காரர் அவர்களிடம் இந்தியில் பேச ஆரம்பித்தார். என்னுடையதைவிடச் சுத்தமான இந்தி. மடியில் கிடந்த சேலையை எடுத்து நீட்டி, விலைகூடக் கேட்காமல் பில் போடச் சொன்னேன்.

அவர் அதை வாங்கி, மடித்து, திரும்ப அலமாரியில் வைத்தார்.

"பிடிக்காததை எதுக்குக்கா வாங்குறீங்க?" என்றார், தமிழில். "வெயில் இன்னும் தாழலையே. உட்கார்ந்துட்டுப் போங்க."