நான்கு துண்டாக வாசித்த கடைசிப் பாகம்

வாடகை நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்குப் புத்தகம் வாசிக்க நிறைய நேரம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள், அந்த மேசைக்குப் பின்னால் ஒருநாளாவது உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒரு தொடரின் அடுத்த பாகத்துக்காகப் பைத்தியம் பிடித்து அலைந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். யுத்தகாலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் நூலகம் இருந்தது. வந்து போகிறவர்களுக்கெல்லாம் ஒரு மாயாஜாலத் தொடரில் பித்து, எனக்கும்தான். பறக்கும் குதிரைகள், பேசும் மலை, முதல் பாகத்திலேயே ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சனங்கள். அவர்கள் திரும்பிப் போவார்களா என்பது கடைசிப் பாகத்தில்தான் தெரியும்.

கத்தி வைத்தோம்

சென்னையிலிருந்து அந்தக் கடைசிப் பாகம் வந்தது, ஒரேயொரு பிரதியாக. கேட்டு வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். முதலாளி யோசித்துவிட்டு, பேக்கரியில் பாணைக் கால் றாத்தலாக வெட்டுவதுபோலப் புத்தகத்தை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பிரவுன் பேப்பர் அட்டை போடச் சொன்னார். ஒரு துண்டைத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது. வாடிக்கையாளர் முதலில், நான் கடைசியில். அதுவும் அவருடைய சட்டம்தான்.

முன்னால் நின்றவர் பவானி ரீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்துத் தெருவில் அறை எடுத்திருந்தவர். கத்தியைக் கண்டதும் பதறிப்போனார். "வெட்டுறதெண்டா வெட்டுங்கோ, ஆனா சண்டை நடக்கிற இடத்தில வெட்டிப்போடாதேங்கோ!"

ஊர்ப்படம்

முதல் துண்டின் தொடக்கத்தில் கதை நடக்கும் நாட்டின் வரைபடம் இருந்தது. ஆறு, கோட்டை, மலைப்பாதை எல்லாம் தமிழில் பெயர் போட்டு. காலி வீதி என்ற பெருந்தெருவின் சோதனைச் சாவடியில் ரீச்சரின் பையைத் திறந்த பொலிஸ்காரர் அதைக் கண்டு திடுக்கிட்டார். "மே கொஹெத?" இது எங்கே என்று சிங்களத்தில் அதட்டல். கதை என்றால் நம்பவில்லை. படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். குதிரைக்குச் சிறகு முளைத்த ஓவியத்தைக் காட்டிய பிறகுதான் விட்டாராம்.

நேரே நூலகத்துக்கு வந்து ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்த ரீச்சர் சொன்னார்: "இல்லாத ஊருக்கு வழி கேக்கிறான் பிள்ளை. இருக்கிற என்ர ஊருக்கே பாதை இல்லாமக் கிடக்கேக்க, நான் என்னத்தைச் சொல்ல?"

கடைசித் துண்டு

எல்லோரையும் முந்தி வாசித்தவன் ரவி. விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த பொடியன். வேறு வேலையும் இல்லை. கடைசித் துண்டை அவன் வாங்கிப்போன மறுநாள் அந்த லொட்ஜைப் பொலிஸார் சுற்றிவளைத்து, சந்தேகத்தில் அவனையும் வேறு சிலரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். துண்டும் அவனோடு போய்விட்டது.

மூன்றாவது துண்டை முடித்தவர்கள் வருவார்கள், மேசையருகே நிற்பார்கள், புத்தகத்தைக் கேட்காமல் ரவியைத்தான் விசாரிப்பார்கள். கதை போர்க்களத்தின் நடுவே நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்னைக்கு எழுதி இன்னொரு பிரதி எடுப்போமா என்று ரீச்சரிடம் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பிள்ளை வெளியில வரட்டும். அதுக்குப் பிறகு பாப்பம், அவங்கள் ஊருக்குப் போறாங்களோ இல்லையோ எண்டு."

ரவியின் விமர்சனம்

விடுதலையாகி ரவி வந்தான். மெலிந்திருந்தான். வியர்வையில் ஊறிய கடைசித் துண்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தான். ரீச்சர் அதைத் தொடவில்லை. அவன் கையைத்தான் பிடித்தார். உள்ளே கூட இருந்தவர்களுக்கு அதை உரக்க வாசித்தானாம். முந்தின பாகங்களின் வாடையே படாதவர்கள், சுவரோடு சாய்ந்து கேட்டார்களாம். முடிவு எப்படி என்று மெல்லக் கேட்டேன்.

"எல்லாரும் ஊருக்குப் போய், அவையவை தங்கட வீட்டைத் திறந்து விளக்குக் கொளுத்தினமாம். பறக்கிற குதிரையை நம்பினனான் அக்கா, இதை நம்பேலாமக் கிடக்கு. ஆனா உள்ளுக்க இருந்தவை திருப்பித் திருப்பி அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கச் சொன்னவை."

பிறகு நானும் வாசித்தேன்: பாதிப் புத்தகம் நடையோ நடை, வில்லனை மன்னித்தது அநியாயம், முடிவு சுத்தப் பொய், இதையெல்லாம் நான் சொல்லலாம், வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.