கதை கேட்டு என்னை நடக்க வைத்தவர்

மூன்று நாளைக்கு முன், காலையில் மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. யாருக்கு என்று சூசை அண்ணையிடம் கேட்போம் என்றுதான் செருப்பைப் போட்டுக்கொண்டு அவருடைய வேலிப் படலைக்குப் போனேன். நாங்கள் இருவரும் நடக்கப் புறப்படும் நேரமும் அதுதான். முற்றத்தில், வருகிறவர்கள் உட்காரக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மச்சான் வந்து என் கையைப் பிடித்தார். அப்போதும் நான், "அண்ணை இன்னும் எழும்பேல்லையோ?" என்றே கேட்டேன்.

நித்திரையிலேயே போய்விட்டாராம். நான் அந்த முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். உட்காரச் சொன்னார்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஊர்காவற்றுறைக் கரையில் அவரை அறியாதவர்கள் இல்லை. கடலிலேயே முதுமை கண்ட மனிதர். மீனை விலை பேச வருகிறவர்களிடம் முதலில் வீட்டுச் சுகத்தை விசாரிப்பார், அதற்குள் மீன் நாறிவிடும் என்று அவருடைய மனைவி பிலோமினா அக்கா பேசுவா. சில வருடங்களுக்கு முன் நெஞ்சு வருத்தம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கே சொல்லிக் கொடுத்தபடி அடியடியாக நடந்து தேறியவர்.

என் வருத்தம் போன வருடம். நெஞ்சில் சளி கட்டி, நாலு மாதம் பாயும் கட்டிலும். வீட்டுக்கு வந்து ஒரு கிழமை போகவில்லை, கொத்தாமல் கிடந்த வெங்காயத் தறையைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கினேன். நாலாவது கொத்தில் கண் இருண்டு வரம்பில் இருந்துவிட்டேன். வேலிக்கு மேலால் சூசை அண்ணையின் குரல்: "டொக்டர் உம்மை நடக்கச் சொன்னவரோ, கொத்தச் சொன்னவரோ?"

அடுத்த நாள் காலை அவரே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் ஒரு லைற் கம்பம் தூரம். அவ்வளவுதான். "படுத்த நாளையெல்லாம் ஒரு நாளிலை பிடிக்க ஏலாது" என்றார். பிறகு, "நீர் வாயை மூடாமல் கதை சொல்லிக்கொண்டு வாரும்" என்றார்.

எனக்கு அது புளுகம்; அவ்வளவு சந்தோசம். என் பெரிய மாமன் நெடுந்தீவிலிருந்து ஒரு குதிரைக் குட்டியை வள்ளத்தில் ஏற்றி வந்த கதையைத் தொடங்கினேன். அதில் மாமியின் சண்டை, வள்ளக்காரனின் கள்ளு, எல்லாம் உண்டு. மூச்சு முட்டி என் பேச்சு அறுந்த இடத்தில் அவர் நின்றுவிடுவார். "குதிரை வள்ளத்திலையே நிக்கட்டும். நீர் இந்த மதகிலை இரும்."

என் கதையில் ருசி கண்டுதான் கேட்கிறார் என்று ஒரு மாதம் நம்பினேன். பிறகுதான் சொன்னார்: "உம்மடை மூச்சை நான் வேறை எப்பிடி அளக்கிறது? கதைக்க ஏலுமெண்டால் நடக்கலாம். கதை அறுந்தால் நடையும் நிக்கவேணும்." கோபத்தோடு, "அப்ப குதிரை?" என்றேன். "குதிரையும் நல்லதுதான் காணும்" என்று சிரித்தார்.

ஒரு கம்பம் பத்தாகியது. பத்து, சந்திவரை போனது. இந்த மாரிக்கு நான் மறுபடி தறை கொத்தினேன்.

போன கிழமை அவர் மதகில் இரண்டு தரம் உட்கார்ந்தார். "நீர் சொல்லும், நான் கேக்கிறன்" என்றார். வள்ளம் புயலில் அகப்பட்ட கட்டம். நான் நின்றபடி கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தக் கிழமை முழுக்க அவர் ஒரு முழு வசனம் பேசியதாக எனக்கு நினைவில்லை. என் மூச்சுக்கு அவர் இருந்தார். அவர் மூச்சுக்கு யார் இருந்தது?

அடக்கம் முடிந்த பிறகு பிலோமினா அக்கா என்னைக் கூப்பிட்டுக் கேட்டா. "தம்பி, உம்மோடை வரேக்கை ஏதும் செய்யுது எண்டு சொன்னவரோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை அக்கா. நான்தான் கதைச்சுக்கொண்டு வந்தனான். அவரைக் கதைக்க விடேல்லை."

"என்னட்டையும் சொல்லேல்லை. களைப்பெண்டு படுத்தார். வயசுதானே எண்டு நானும் விட்டிட்டன்" என்றா அக்கா.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது கேட்கும் காதுதான். அதுவும் பிந்தித்தான் வந்தது. இன்று காலை என் மனைவி என்னோடு நடக்க வந்தாள். வாழ்நாளில் முதல் தரமாக, "நீர் கதையும், நான் கேக்கிறன்" என்றேன். திகைத்துப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள்: தங்கச்சி வீட்டு ஆடு, மகளின் ரெலிபோன், முழங்கால் நோவு. மூன்றாவது கம்பத்தில் ஒரு சொல் பாதியில் நின்றது. நானும் நின்றேன்.

"இஞ்சேருங்கோ, ஏன் நிண்டிட்டியள்?"

"இதிலை இரும். ஆறுதலாச் சொல்லும்."

அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.