ஒன்றும் தராத சன்னல்

பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போன அன்றுதான் 'அடுத்தவரை' முதலில் பார்த்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இதை நான் சொல்லாவிட்டால் அப்பா சொல்லிவிடுவார் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். இஸ்திரி போட்ட சட்டை, மார்போடு அணைத்த ஃபைல். வாசலைத் தாண்டியதும் ஒரு சன்னல், அதன் முன்னால் நீண்ட வரிசை. எதற்கென்று கேட்கவா வேண்டும்? போய் நின்றுவிட்டேன்.

சன்னலுக்குள் நெட்டையாக ஒரு பையன். ஒவ்வொருவருக்கும் ஒரு மடித்த சீட்டைக் கொடுத்து, "அடுத்தவர்!" என்பான். வேறு பேச்சே இல்லை.

எனக்கு முன்னால் நின்ற அக்கா ஃபைலைப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் எதுக்குத் தம்பி?"

"சான்றிதழுக்குக்கா."

"ஐயோ, இங்க ஒண்ணும் தர மாட்டாங்க. இது என் தம்பியோட பரீட்சை. ஓவியம் படிக்கிறான்."

"ஓவியம் எங்க?"

"நாம நிக்கிறோம்ல, இதுதானாம்."

ஒரு கதை எழுதி, அதை வரிவரியாக நறுக்கி, ஆளுக்கொரு வரி கொடுக்கிறானாம். முழுக்கதை வேண்டுமென்றால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பேச வேண்டும்.

"போன வருஷம் எங்க குளியலறைக் கதவைக் கழட்டித் தூக்கிக்கிட்டே திரிஞ்சான். யார்கிட்டப் பேசணும்னாலும் அதைத் தட்டிட்டுத்தான் பேசுவான். பஸ்ல கதவுக்கும் டிக்கெட் கேட்டாங்க. வீட்ல நாங்க எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சோம்."

"மார்க்?"

"ஃபெயில். இன்னைக்கும் போச்சுன்னா அப்பா அவரு லாரியில கிளீனரா ஏத்திடுவாரு. இவனுக்கு லாரியைப் பார்த்தாலே வாந்தி."

விஷயம் தெரிந்தும் நான் நகரவில்லை. பாதி தூரம் வந்த வரிசையை விட்டுப்போக யாருக்கு மனசு வரும்?

அந்த நேரத்தில் மதிப்பெண் போட வந்த பேராசிரியர் நேராகச் சன்னலை நோக்கி நடந்தார். வரிசை கொதித்துவிட்டது.

"யோவ், நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் இதுக்கு மார்க் போட வந்தவன்ங்க."

"ஆமா, ஆளாளுக்கு ஒரு கதை! பின்னாடி போய்யா!"

வெளியே வந்து சொல்லும்படி அக்கா தம்பியைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டினார். ஆனால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது என்பது அவனே போட்ட விதி. முகம் வெளுத்துப்போய், "அடுத்தவர்!" என்றான். பேராசிரியர் கடுப்பாகித் திரும்பி வாசலுக்கு நடந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா?

"சார், இங்க வாங்க! இவரு அப்பவே என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு!"

சொல்லிவிட்டுப் போனவருக்கு இடம் உண்டு. உலகத்தில் எந்த வரிசையும் இந்தச் சட்டத்தை மீறாது. முணுமுணுத்துக்கொண்டே வழிவிட்டார்கள். அவர் எனக்கு முன்னால் நுழைந்தார்.

அக்காவுக்கு வந்த சீட்டு: "கல்யாணம் நின்றுபோனது."

பேராசிரியருக்கு: "ஏனென்றால்,"

"என்ன தம்பி, எனக்கு மட்டும் ஒரே வார்த்தை?"

"அடுத்தவர்!"

எனக்கு வந்தது: "மாடு கையெழுத்துப் போட மறுத்துவிட்டது."

பேராசிரியர் மூன்றையும் சேர்த்துப் படித்தார். பிறகு ஓட ஆரம்பித்தார். "அம்மா, கொஞ்சம் நில்லுங்க! மாப்பிள்ளை யாருன்னு உங்க சீட்டுல இருக்கா?" "ஐயா, இந்த மாடு யாரோட மாடு?" மைதானம், சைக்கிள் நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் வரை துரத்தினார். அதற்குள் வரிசை முடிந்து, கடைசி வரியை வாங்கியவரும் பஸ் ஏறிப் போய்விட்டாராம். மூச்சிரைக்கத் திரும்பி வந்து சன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"டேய், மாடு கடைசியில சம்மதிச்சுதா இல்லையா? அதைச் சொல்லு, பாஸ் போடறேன்!"

"அடுத்தவர்!" என்றான் பாவி.

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. பாஸ் போட்டுவிட்டார்.

அடுத்தவர் இப்போது ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலை பார்க்கிறான். நானும் அவனும் ஒரே அறையில் குடியிருக்கிறோம். மாடு என்ன செய்தது என்று எனக்கும் இதுவரை சொல்லவில்லை.