ஆறடி ஏழங்குலமும் ஒரு தூக்குக்காவடியும்

நீர்வேலி லக்ஷனுக்கு அளவாக இந்த உலகத்தில் ஒரு சாமானும் செய்யப்படவில்லை. கட்டிலில் படுத்தால் கால் இரண்டும் அடுத்த அறைக்குப் போய்விடும். பள்ளிக்கூட மேசைக்குள் முழங்கால் போகாததால் பத்தாம் வகுப்பு முழுக்கக் கதவோரம் குறுக்கே இருந்து படித்தான். பஸ்ஸில் ஏறினால் கழுத்தை இரண்டாக மடித்துக்கொண்டு நிற்பான். யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்குள் எல்லாருடைய வழுக்கையையும் எண்ணி முடித்துவிடுவான். இப்போது வயது இருபத்திரண்டு, உயரம் ஆறடி ஏழங்குலம். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் ஊரில் நம்புவார்கள். இதில் ஒன்றும் கழிக்க வேண்டாம். ஒரு சாண் குறைவாக அவன் வளர்ந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று நானே இப்போது நினைக்கிறேன்.

என்னை ஊரில் லான்ட்மாஸ்ரர் கோபி என்பார்கள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் தேடவில்லை. லக்ஷனின் தகப்பன் இராசநாயகம் அண்ணையின் வாழைக்குலைகளை என் இரண்டுசில்லு உழவுமெசினில் சந்தைக்கு ஏற்றுவது என் வேலை. குலை தள்ளியதும் நுனியில் தொங்கும் பொத்தியை ஒடிக்க மற்றவர்கள் ஏணி தேடுவார்கள். லக்ஷன் கையை நீட்டி ஒடிப்பான். ஒடித்ததை நடந்துபோய் ஓலைக் கடகத்தில் போடப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். நின்ற இடத்திலிருந்தே எறிவான். பத்துப் பதினைந்து வாழைக்கு அப்பால் கிடக்கும் கடகத்துக்குள் பொத்தி ‘தொப்’ என்று போய் விழும்.

ஒருநாள் ஒழுங்கையால் போன ஸ்கூட்டி ஒன்று வேலியோரம் நின்றது. உடுவில் ஜெனிற்றா மிஸ். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விளையாட்டு ரீச்சர். தானும் கூடைப்பந்து விளையாடியவர்.

“தம்பி, உந்தப் பொத்தியைத் திரும்ப எறியும் பாப்பம்” என்றார்.

எறிந்தான். எட்டுப் பொத்தி, எட்டும் உள்ளே.

“நாளைக்குப் பின்னேரம் பாஸ்கற்போல் கோட்டுக்கு வாரும்.”

“சப்பாத்து இல்லை மிஸ்” என்றான்.

“இவன்ரை காலுக்குச் சப்பாத்து எடுக்கிறதெண்டால் கப்பல் கட்டிறவங்களிட்டைத்தான் சொல்லவேணும் மிஸ்” என்று நான் சொன்னேன். மிஸ் சிரித்தார். அடுத்த கிழமை எங்கேயோ தேடிப் பன்னிரண்டாம் நம்பர் சப்பாத்து ஒன்றும் கொண்டுவந்தார். அதுவும் இடக்காலைக் கடித்தது.

அவனுக்கு இடக்கால்தான் எல்லாம். ஓடிவந்து இடக்காலை நிலத்தில் ஊன்றி ஓர் உன்னு உன்னினால், வலக்கை கூடைக்கு மேலே நிற்கும். அவன் கீழே வந்து சேர்வதற்குள் நான் ஒரு பிளேன்ரீ குடித்துவிடுவேன். பள்ளிக்கூட ரீம், மாவட்டம், மாகாணம் என்று அந்த ஒரு காலால்தான் ஏறினான். பத்தொன்பது வயதில் கொழும்பிலே ஒரு கொம்பனி கூப்பிட்டது. பேருக்கு மேசையில் இருந்து எழுதும் ஒரு கந்தோர் வேலை. உண்மையான வேலை கொம்பனி ரீமுக்குப் பந்து எறிவது. அதற்கு ஒரு தெரிவுப் போட்டி வைத்தார்கள்.

அந்தப் போட்டி நடந்த காலையில் லக்ஷனின் தாய் குணலட்சுமி அக்கா அம்மன் கோயிலில் நின்றார். நானும் பக்கத்தில் தேங்காய் உடைக்க நின்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே சொன்னார்:

“அம்மாளாச்சி, என்ரை பிள்ளையை எடுக்கப் பண்ணு. உன்ரை தேருக்கு அவன் தூக்குக்காவடி எடுப்பான்.”

பால்செம்பு எடுக்கிறேன், தேருக்குப் பின்னால் விழுந்து கும்பிட்டு அடியழிக்கிறேன் என்று தாய்மார் தங்கள் உடம்பால் செய்வதை நேர்வதுதான் வழமை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“வாய் உங்கடை, முதுகு அவன்ரை. நல்ல பங்குதான் அக்கா!”

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “பகிடி விடாதை கோபி. அம்மாள் கேட்டுக்கொண்டு நிக்கிறா.”

சொல்லி வாய் மூடவில்லை, பூசை மணி அடித்தது. மணியோடு சேர்ந்து அக்காவின் கைப்பைக்குள் போனும் அடித்தது. “அம்மா, எடுத்திட்டாங்கள்!” என்று லக்ஷன் கத்தியது எனக்கும் கேட்டது. என் கையில் இருந்த பாதித் தேங்காயைப் பார்த்தேன். உள்ளே அழுகிக் கறுத்திருந்தது. தேங்காய் அழுகுவது புதினமில்லை என்று தூக்கி எறிந்துவிட்டேன்.

முதல் வருசம் தேர் வந்தபோது லக்ஷனுக்குக் கொழும்பில் கூடைப்பந்து மச். “வாற வருசம் எடுப்பம் அம்மா” என்றான். அந்த மாதம் ஒரு காற்று வந்து இராசநாயகம் அண்ணையின் ஆயிரம் வாழையை முறித்தது. சரி, நூற்றுநாற்பது. என் தோட்டத்திலும்தான் முறிந்தது. அது அக்காவின் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த வருசம் கந்தோரில் லீவு கிடைக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் அரையிறுதிப் போட்டியில் லக்ஷனின் இடக்கணுக்கால் புரண்டது. கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்தவனின் கால்மாட்டில் நின்று அக்கா ஒரு சொல்தான் சொன்னார்.

“பாத்தியோ.”

கால் நோ சுகமாகி மாறியது. பழையபடி உன்னினான், முன்னையைவிட உயர்ந்தான். இந்த வருசம் மாலைதீவில் இருந்து ஒரு கிளப் ஆள் அனுப்புவதாகச் செய்தி வந்தது. கொழும்பில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் லக்ஷனைப் பார்த்து, பிடித்திருந்தால் இரண்டு வருசத்துக்கு எடுப்பார்களாம். ஆனால் அதற்கு முந்திய திங்கட்கிழமை எங்கள் அம்மனுக்குத் தேர்.

ஜெனிற்றா மிஸ் ஸ்கூட்டியில் பறந்து வந்தார்.

“அக்கா, தேருக்கும் மச்சுக்கும் இடையிலை ஆறு நாள்தான். மச் முடியட்டும், பிறகு எடுக்கட்டுமே.”

“தேரைப் பிறகு இழுக்கலாமோ மிஸ்? பிறகு பிறகு எண்டுதான் ரெண்டு வருசம் போனது.”

“அவன்ரை தொழிலே காலிலைதான் இருக்கு. அந்தக் காலிலை முள்ளுக் குத்தவேணுமோ?”

“காலைக் குடுத்த அம்மாளுக்குத்தானே காட்டப்போறம்” என்றார் அக்கா. “நீங்கள் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போய்ப் பாட்டுப் பாடிப்போட்டு வருவியள். எங்கடை ஆள் கண்ணை மூடிறேல்லை மிஸ்.”

லக்ஷன் கதவு நிலைக்குக் கீழே குனிந்துகொண்டு நின்றான். நிமிர்ந்தால் நிலை இடிக்கும். “அம்மா மூண்டு நாளாப் பச்சைத்தண்ணியோடை இருக்கிறா மிஸ்” என்றான். “நான் எடுக்கிறன்.”

மிஸ் போனபிறகு என்னிடம் வந்தான்.

“நோகுமோ கோபியண்ணை?”

“உன்ரை முதுகு ரெண்டு பரப்புக் காணி. முள்ளுக் குத்திறவன்தான் நடந்து களைக்கப்போறான்.”

சிரித்தான். ஆனால் கை இடத்தொடையைத் தடவிக்கொண்டிருந்தது.

தூக்குக்காவடி என்பது இதுதான்: லான்ட்மாஸ்ரரின் பின்பெட்டியில் மரம் நட்டு, அதிலே ஒரு நீளத்தடி தொங்கும். தடியில் வரிசையாக ஓட்டைகள். ஓட்டைக்கு ஒரு கயிறு. கயிற்று நுனியில் தூண்டில்போல வளைந்த முள். முதுகு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் முள் ஏற்றி ஆளைக் குப்புறத் தூக்கிவிடுவார்கள். பாரம் எல்லா முள்ளுக்கும் பங்காகப் போகும். நூற்றுக்கணக்கான ஆட்கள் தொங்கி இறங்கி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கிறார்கள். முப்பது வருசமாக முள் ஏற்றுகிறவர் றஞ்சித் அண்ணை. அவர் கை பஞ்சு.

தேருக்கு முதல்நாள் பின்னேரம் அளவு பார்க்க லக்ஷனைத் தடிக்குக் கீழே படுக்கவைத்தார். நூல் பிடித்தார். திரும்பவும் பிடித்தார்.

“தடி நீளம் காணாது” என்றார். “ஒரு சாண் கட்டை. கடைசி ஓட்டை கெண்டைக்கால் வரைக்கும் வரேல்லை.”

“ஒரு துண்டை வைச்சு ஆணி அடிச்சு நீட்டுவமே அண்ணை?” என்று கேட்டேன்.

நான் கோயிலை இடிப்போம் என்று சொன்னதுபோலப் பார்த்தார். “பூசையிலை வைச்ச தடியடாப்பா. அதிலை ஆணி ஏத்திறதோ? வேறை தடி சீவிப் பூசை வைக்க நாளும் இல்லை.”

“அப்ப கெண்டைக்கால் முள்ளை விடுவம்.”

“விட்டால் அவ்வளவு பாரமும் தொடைக்குப் போகும், தசை கிழிஞ்சிடும்.” றஞ்சித் அண்ணை லக்ஷனின் இடக்காலை அழுத்திப் பார்த்தார். “கொஞ்சம் மேலை ஏத்துறன். முழங்காலுக்குக் கீழை, வெளிப்பக்கமா. இதிலை நான் ஒருநாளும் ஏத்தினதில்லை. எண்டாலும் பயமில்லை.”

பயமில்லை என்று அவர் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. தடியைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை விடிய லான்ட்மாஸ்ரரைக் கழுவி, மாலை போட்டு, நானே ஓட்டினேன். பின்னால் லக்ஷன் தொங்கினான். அவனைப்போல ஒரு காவடியை ஊர் பார்த்ததில்லை. தலை ஒரு வீட்டு வாசலில் நிற்கும், கால் முந்திய வீட்டைத் தாண்டியிராது. பறைமேளம் காதைப் பிளந்தது. சனம் அரோகரா சொன்னது. முழங்காலுக்கு அப்பால் தடி இல்லாததால் பாதம் இரண்டும் தாங்க ஒன்றும் இல்லாமல் வெறுமனே ஆடின. நான் கண்ணாடியில் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

சங்கக்கடைக்கு முன்னால் தண்ணிக் குழாய்க்கு வெட்டி மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் குலையோடு ஏறி இறங்குகிற பள்ளம். நத்தை என்னை முந்திப் போகும் வேகத்தில்தான் இறக்கினேன். முன்சில்லு இறங்கியது. பின்சில்லு இறங்கும்போது தடி ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது.

“கோபியண்ணை” என்றான்.

கத்தவில்லை. வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல ஒரே ஒருதரம். அவ்வளவு மேளத்துக்குள் அது எனக்கு எப்படிக் கேட்டதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். குணலட்சுமி அக்கா கற்பூரச் சட்டியோடு அவனுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தார். முகம் முழுக்கச் சந்தோசம்.

கோயில் வீதியில் இறக்கி, முள்ளைக் கழற்றி, றஞ்சித் அண்ணை திருநீற்றை அப்பினார். இரத்தம் ஒரு கரண்டிகூட இல்லை. லக்ஷன் எழுந்து நின்றான். சனம் வழிவிட, செருப்பைக் கொளுவிக்கொண்டு தண்ணீர்ப் பந்தலுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். அவனுடைய இடக்கால் செருப்பு மணலில் கிடந்தது. அவன் போய்க்கொண்டே இருந்தான்.

“டேய், செருப்பை விட்டிட்டுப் போறாய்!”

நின்றான். குனிந்து காலைப் பார்த்தான். வெறுங்கால் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். சுடுமணலில் நின்ற கால்.

“விறைச்சுப்போச்சண்ணை” என்றான். “நாளைக்கு மாறியிடும்.”

“மிஸ்ஸுக்குச் சொல்லுவமோ? ஆசுப்பத்திரியிலை காட்டுவமோ?”

“ஞாயிறு முடியட்டும். அம்மாவுக்கும் சொல்லாதேங்கோ. இண்டைக்குத்தான் அவ சாப்பிடப்போறா.”

அடுத்த நாள் மாறவில்லை. புதன்கிழமை கொழும்பு பஸ்ஸுக்கு அவனைக் கொண்டுபோய் விட்டேன். வலக்காலைப் படியில் வைத்து ஏறினான். இடக்கால் படியில் தட்டுப்பட்டு நின்றது. குனிந்து காற்சட்டையைப் பிடித்து, ஒரு சாமானைத் தூக்குவதுபோலத் தூக்கி உள்ளே வைத்தான். கழுத்தை மடித்துக்கொண்டு எனக்குக் கை காட்டினான். நான் “வழுக்கையளை எண்ணிக்கொண்டு போ!” என்று கத்தினேன்.

ஞாயிறு பின்னேரம் போட்டியைப் போனில் காட்டினார்கள். இராசநாயகம் அண்ணையின் வீட்டில் போனைச் செம்பில் சாத்திவைத்துக்கொண்டு இருந்தோம். லக்ஷன் முழங்காலிலிருந்து சப்பாத்து வரைக்கும் இறுக்கமாகக் கட்டுப்போட்டிருந்தான். ஓடவில்லை, கூடைக்குக் கீழேயே நின்றான். உயரம் இருக்கிறதே, வருகிற பந்தெல்லாம் அவன் கையில்தான். ஒருதரம் வழி திறந்தது. இரண்டு எட்டு வைத்து எழும்பினான்; பந்து உள்ளே போனது. வீடு கத்தியது. இராசநாயகம் அண்ணை என் முதுகில் அடித்தார். நான் வாயைத் திறந்துகொண்டு இருந்தேன். அவன் வலக்காலால் எழும்பியிருந்தான். எட்டு வருசத்தில் ஒருநாளும் அப்படி எழும்பிப் பார்த்ததில்லை. கீழே வந்ததும் பந்தைப் பார்க்கவில்லை. இடச் சப்பாத்து இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

“கண்டியே கோபி!” என்றார் அக்கா. “நேர்த்தி முடிஞ்சுது. இனி ஒரு குறையும் வராது. விடியவும் கோயிலுக்குப் போனனான். மாலைதீவுக்கு எடுபட்டால் வாற வருசமும் காவடி எடுப்பிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். உன்ரை லான்ட்மாஸ்ரரை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை.”

போன் அடித்தது. லக்ஷன். அக்கா எடுத்தார், கேட்டார், “எடுத்திட்டாங்களாம்!” என்று கத்திக்கொண்டு போனை என் கையில் திணித்துவிட்டுச் சாமியறைக்கு ஓடினார்.

“கோபியண்ணை” என்றான். சுடுமணலில் நின்றபோது கதைத்த அதே குரல். “எடுத்திருக்கிறாங்கள். பதினைஞ்சு நாளிலை அங்கத்தை டொக்குத்தர் காலைச் சோதிச்சுப்போட்டுத்தான் ஒப்பம் வைப்பாங்களாம்.”

“கால் எப்பிடியடா?”

அவன் வேறொன்று கேட்டான்.

“அண்ணை, அம்மா இந்தமுறை நேர்த்தி ஒண்டும் வைக்கேல்லைத்தானே?”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அக்கா கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார்.