விமானத்துக்கு ஒரு ‘ங்க’ அதிகம்

போன வாரம் எங்கள் ஏற்காட்டுத் தலைச்சோலையில் சரவெடி வெடித்தது. தீபாவளி இல்லை, திருவிழா இல்லை, தேர்தலும் இல்லை. எஸ்டேட் நாய்கள் எல்லாம் மிளகுக் கொடிக்குள் போய் ஒளிந்துகொண்டன. என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றுதான் — ராணுவ விமானம் என் பேச்சைக் கேட்டுவிட்டது.

யாரும் நம்பவில்லை. என் வேனே என் பேச்சைக் கேட்காது... விமானம் கேட்குமா?

கேட்டதுங்க. சொல்கிறேன்.

நான் ஏற்காட்டில் வேன் ஓட்டுகிறவன் என்பதும், ஐந்தாம் வகுப்பைத் தாண்டச் சொல்லிப் பள்ளிக்கூடம் எவ்வளவு கெஞ்சியும் மசியாதவன் என்பதும் வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற உதவி ஆசிரியருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஷமீமாவைத்தான் உங்களுக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மிளகு, ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறாரே பாய், அவருடைய மகள். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தார். தலைச்சோலையில் சும்மா கிடந்த ஒரு காபி குடோனைப் பிடித்து சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்தார். கூட்டாளி காளியப்பன், பக்கத்துக் கொட்டச்சேடு கிராமத்துக்காரர். அவருடைய அம்மாவும் அப்பாவும் இன்னும் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறார்கள். இவர்கள் எழுதுவது விமானத்துக்குள் பேசுகிற சாஃப்ட்வேர். மலை கிட்டே வந்தால் பைலட் காதில் ‘மேலே தூக்கு’ என்று கத்துமே — அது.

ராணுவத்தின் பழைய சரக்கு விமானங்களுக்கு அந்த சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க டெண்டர் வந்தது. டெண்டர் என்றால் எனக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஏலம்தான். இது வேறு ஜாதி. விலையைக் குறைத்துச் சொன்னால் மட்டும் போதாது. ஆபீசர்கள் நேரில் வந்து, நிஜமாகவே வேலை தெரியுமா, இல்லை பவுடர் பூசிக்கொண்டு நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள். போட்டிக்கு நின்றது நகரத்துக் கண்ணாடி மாளிகைக் கம்பெனி ஒன்று. அவர்களுடைய ரிசப்ஷன் மீன் தொட்டிக்குள் எங்கள் குடோனை வைத்து மூடிவிடலாமாம்.

இது கிடைக்காவிட்டால் குடோனைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கே போவது என்று ஷமீமா முடிவு செய்திருந்தார். காளியப்பனும் கூடத்தான். காளியப்பனின் அம்மா எஸ்டேட் முழுக்க ஒரே வசனம் பேசிக்கொண்டிருப்பார்: “எம் பையன் ஏரோப்ளேனுக்கு வேலை பாக்குறானுங்க. இருந்தாலும் பொழுதானா சோத்துக்கு ஊட்டுக்கு வந்துருவான்.” அந்தப் பெருமையின் பின்பாதிதான் ஆபத்தில் இருந்தது.

சரி, இதில் நான் எங்கே வந்தேன்?

சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்க ஒரு குரல் வேண்டியிருந்தது. நல்ல குரல் பின்னால் வரும், இப்போதைக்கு ஏதாவது ஒன்று போதும் என்றார்கள். ‘ஏதாவது ஒன்று’ என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் என் ஞாபகம்தான் வரும். மைக் முன்னால் நிறுத்தி, மலை வருகிறது, மேலே தூக்கு என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அப்புறம் ஷமீமா தன் குரலிலேயே இங்கிலீஷில் அழகாகப் பதிவு செய்து அதைப் போட்டுவிட்டார். என் குரல் மூலைக்குப் போயிற்று.

ஆபீசர்கள் வந்த அன்று வாடகை நாற்காலி ஏற்றிக்கொண்டு போனேன். இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றுவிட்டேன். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மீசை வைத்த வடநாட்டு இன்ஜினியர் ஆபீசர். இன்னொருவர் பெண் பைலட், ஈரோட்டுப் பக்கம். டெண்டர் போட்டவர்கள் கையால் எதுவும் சாப்பிடக் கூடாதாம். காபித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு காபி வேண்டாம் என்று சொன்ன மனிதர்களை அன்றுதான் பார்த்தேன்.

திரையில் விமானம் பறந்தது. பைலட்தான் கைப்பிடியைப் பிடித்திருந்தார். மேகம்... மேகத்துக்குள் மலை... சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போயிற்று.

ஏற்காட்டுக் கரண்டுக்கு ராணுவமாவது, மரியாதையாவது?

ஜெனரேட்டரைப் போட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினார்கள். இங்கேதான் சங்கதி. தூங்கி எழுந்தால் அது முதலில் சோதனைக் குரலைத்தான் கையில் எடுக்கும். நல்ல குரலை நாம்தான் மாற்றிவிட வேண்டும். பதற்றத்தில் காளியப்பன் மாற்றவில்லை. விமானம் மறுபடி மலையைப் பார்த்துப் போனது. ஸ்பீக்கர் வாயைத் திறந்தது.

“ஏனுங்க... மலை வருதுங்க. கொஞ்சம் மேல தூக்குங்க.”

ஷமீமாவின் முகத்தில் பெங்களூர் பஸ் தெரிந்தது. நான் நாற்காலிகளுக்குப் பின்னால் போய் ஒரு நாற்காலி மாதிரியே நின்றேன்.

பைலட்தான் முதலில் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. “இத்தனை மரியாதையாச் சொன்னா, நான் ‘சரிங்க’ன்னு சொல்றதுக்குள்ள மலையில மோதிருவனுங்க” என்றார். மீசைக்காரர் என்னவென்று கேட்க, இங்கிலீஷில் விளக்கினார். மீசை சிரிக்கவில்லை. ஷமீமா மன்னிப்புக் கேட்டு, சரியான குரலைப் போட்டுவிடுவதாகச் சொன்னார். மீசை கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் கேட்டது இதுதான். வேறு குரல் வேண்டாம். இதையே சின்னதாக்கு. இப்போதே, எங்கள் கண் முன்னால். ஆனால் சாஃப்ட்வேரில் விமானம் பறக்கிற பகுதியில் ஒரு எழுத்துகூட மாறியிருக்கக் கூடாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? வேனில் ஹாரனை மாற்றினால் பிரேக்கையும் கழற்றிச் சோதித்தாக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் என் கதி என்ன? அந்தப் பழைய விமானங்களில் எல்லாம் ஒரே முடிச்சாம். ஒரு வார்த்தையை மாற்றினால் முதலிலிருந்து மொத்தத்தையும் சோதிக்க வேண்டுமாம். அந்த முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான் டெண்டரே. அவிழ்த்துவிட்டோம் என்று எங்கள் ஆட்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதிக் கொடுப்பதற்கு என்ன... காட்டு என்கிறார் மீசை.

குரலுக்குச் சொந்தக்காரன் எங்கே? நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

“தூக்கு, அவ்வளவுதாங்ணா. வேறெதுவும் வேண்டாம்” என்றார் காளியப்பன்.

“தூக்குங்க.”

“அந்த ‘ங்க’ வேண்டாங்ணா.”

“சரிங்க கண்ணு. தூக்குங்...” பாதியில் கடித்தேன். நாக்குதான் கடிபட்டது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தவழுகிற குழந்தையைக்கூட நாங்கள் ‘சாமி’ என்போம். வழியில் படுத்திருக்கிற மாட்டிடம் ‘கொஞ்சம் நகருங்க’ என்று சொன்னவன் நான். எதிரே மின்னுகிற பட்டனோடு இரண்டு ராணுவ ஆபீசர்கள். அவர்களைப் பார்த்து ‘தூக்கு’ என்றால்... எப்படி வரும்? வரவில்லை. திரும்பத் திரும்ப வரவில்லை. வந்ததெல்லாம் ‘ங்க’. ஒரு நாட்டின் விமானப் பாதுகாப்பு என் நாக்கு நுனியில் தொங்கிக்கொண்டு நின்றது.

ஷமீமாதான் என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளியே என் வேன் நின்றிருந்தது. “உங்க வேன் லோடோட ஏத்தத்துல நின்னுபோச்சுண்ணா. பின்னால பஸ் ஹாரன் அடிக்குது. இப்பச் சொல்லுங்க.”

“ஏய், தூக்கு.”

அதற்கு மேலும் சில வார்த்தைகள் வந்தன. காளியப்பன் அவற்றை வெட்டி எடுத்துவிட்டார்.

விமானம் மறுபடி பறந்தது. மேகம். மலை. “ஏய், தூக்கு” என்று ஸ்பீக்கர் அதட்டியதுதான் தாமதம், பைலட் யோசிக்காமல் கைப்பிடியை இழுத்துவிட்டார். மலை காலுக்குக் கீழே போயிற்று.

அடுத்தது கைரேகை பார்க்க வேண்டும் என்றார்கள். நான் ரேஷன் கடைப் பழக்க தோஷத்தில் பெருவிரலை நீட்டினேன். எனக்கு இல்லையாம், சாஃப்ட்வேருக்காம். பறக்கிற பகுதியில் ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக் கொடுக்கிற ஒரு நீளமான எண். குரல் மாற்றுவதற்கு முன்னால் எடுத்ததையும் பின்னால் எடுத்ததையும் மீசை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒப்பிட்டார். அச்சு அசலாக ஒன்று. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். கிளம்பிப் போய்விட்டார்கள்.

அப்புறம் காத்திருப்பு. ஷமீமா பேச்சைக் குறைத்துவிட்டார். காளியப்பனின் அம்மா வசனத்தையே நிறுத்திவிட்டார்.

போன வாரம் முடிவு வந்தது. கான்ட்ராக்ட் காபி குடோனுக்கு.

முடிவுக்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. கண்ணாடி மாளிகையில் கரண்ட் போகவில்லை, குரல் மாறவில்லை, எல்லாம் ஒத்திகை பார்த்த நாடகம் மாதிரி நடந்திருக்கிறது. ஒரு வார்த்தையை இப்போதே மாற்றிக் காட்டுங்கள் என்று, எங்களுக்கு அப்புறம் போன மீசை அங்கேயும் கேட்டிருக்கிறார். அதற்குச் சில மாதங்கள் ஆகும் என்றார்களாம். எங்கள் கரண்ட் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. தப்பு நடக்காத இடத்தில் திறமையைக் காட்ட எங்கே வாய்ப்பு?

சரவெடி காளியப்பனின் அம்மா வாங்கியது. பற்ற வைத்ததும் அவர்தான். வசனம் மறுபடி எஸ்டேட்டில் ஓடுகிறது, பின்பாதியோடு.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. இனிமேல் தலைக்கு மேலே சரக்கு விமானம் போனால் பயமில்லாமல் நிமிர்ந்து பாருங்கள் — அதிலிருந்து என் குரலை எடுத்துவிட்டார்களுங்க.