நாடாவை அவிழ்த்து அளந்தபோது

முதலில் பிடித்தது கெண்டைக்கால். டயாலிசிஸ் (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து மிகை நீரை எடுத்துவிடுவது) முடியப்போகும் நேரத்தில் நரம்பு சுண்டி இழுக்கும். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். கத்திவிடுவேன்.

"அக்கா, தண்ணி கூடக் குடிச்சிட்டியளா?" என்பார் டெக்னீஷியன். குடிக்கவில்லை என்பேன். யார் நம்பினார்கள்?

உலர் எடை (உடம்பில் மிகை நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) என்று ஒன்றைக் குறித்து வைத்திருந்தார்கள். அதற்குமேல் தராசு காட்டுவதெல்லாம் நீர்தான் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு எடை ஏறிக்கொண்டே போனது, ஏறியதையெல்லாம் இயந்திரம் உறிஞ்சியது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுப் பின்னால் கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடும். நான் நாக்கு வறண்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்துவிட்ட சின்ன டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். என் கணவர் வாழைத் தோட்டத்திலிருந்து வந்ததும் குடத்தை ஆட்டிப் பார்ப்பார்.

"ஏட்டி, எனக்குத் தெரியாம குடிக்கியா?"

வியாதியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த வயதில் தண்ணீர்க் கள்ளியாகிவிட்டேன்.

வயிறு ஏன் பெருக்கிறது என்று நானே கேட்டேன். ஒரு நர்ஸ் சேலைக்கு மேலேயே டேப்பைச் சுற்றினார். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறவள் நான். டேப் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. "இடுப்பு சரியாத்தான இருக்கு" என்று எழுதிக்கொண்டார். கை மெலிந்து வளையல் முழங்கைவரை ஏறுகிறது, வயிறு நாடாவுக்கு மேலும் கீழும் பிதுங்குகிறது. சரியாக இருக்கிறதாம்.

பிறகு புதிதாக வந்த டாக்டரம்மா, டயாலிசிஸ் முடிந்தபின் என்னை நிற்கச் சொன்னார். "நாடாவ அவுத்து விடுங்கம்மா." இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பார்த்து, மூச்சை வெளியே விடச் சொல்லி அளந்தார். காலை அமுக்கினார், குழி விழவில்லை. ஸ்கேனிலும் வயிற்றில் நீர் இல்லை.

"இது தண்ணி இல்லம்மா, கொழுப்பு. கை காலுல சதை குறைஞ்சு வயித்துல கொழுப்பு சேர்ந்திருக்கு. இதயத்துக்கு நல்லதில்ல, குறைக்கணும். ஆனா மெஷின் வச்சு இத எடுக்க முடியாது."

கொழுப்பின் எடையையும் நீரென்று கணக்கிட்டு, உடம்புக்கு வேண்டிய நீரையும் சேர்த்து இழுத்ததால்தான் கால் பிடித்ததாம். உலர் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். கால் பிடிப்பு நின்றது. கொழுப்பு என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுத பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தராசை மட்டும் நம்பாதீர்கள். நாடாவையோ வேட்டி முடிச்சையோ தளர்த்தி, இயந்திரத்திலிருந்து இறங்கியபின் அளக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

டாக்டரம்மா அளந்த அன்று வெளியே வந்ததுமே கணவரைப் பிடித்துக்கொண்டேன். "நான் குடிக்கலன்னு இப்பவாவது சொல்லுங்க."

"சரி, குடிக்கல." கொஞ்சம் யோசித்தார். "அப்ப என்னத்தட்டி தின்ன?"

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் அவரோடு பேசவில்லை.

முன்பெல்லாம் டயாலிசிஸ் நாளில் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது, சுருண்டு கிடப்பேன். இப்போது இருக்கிறது. இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரையில் பைய நடக்கிறேன். இந்த உடம்பில் எவ்வளவு நான், எவ்வளவு நீர் என்று நடக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. "நானும் கூட வாரேன்" என்று கணவர் தினமும் கேட்கிறார். வாங்க என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை.